நடு மாற்றிய பிளானல்

நீலிமட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் இருபத்திமூன்று வருஷம் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளிய ஆறுச்சாமி, ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வீடு வந்து, பெண்டாட்டி துளசிமணி அப்போதுதான் எழுந்துபோன கட்டிலில், இருபத்திமூன்று வருஷமும் படுத்ததுபோலவே படுத்து, தூங்கியவன் தூங்கியபடியே போய்ச் சேர்ந்தான். நோய் நொடி இல்லை, பாயில் கிடந்து யாரையும் படுத்தவில்லை, நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல சாவெல்லாம் செத்தவனுக்குத்தான். இருப்பவளுக்கு அப்படி ஒன்று உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

துளசிமணி டவுன் லாட்ஜில் ரூம் ஆயா. பதினான்கு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டு மூன்று மணிக்கு அவள் வீடு திரும்பியபோது ஆள் விறைத்துக் கிடந்தான். அவள் போட்ட சத்தத்துக்கு, அது சத்தம்கூட இல்லை, கதவருகில் நின்று "யாராச்சும் வாங்களேன்" என்று சொன்னதுதான், ஒட்டி ஒட்டிக் கட்டிய பத்து வீட்டு லைனிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். தூக்குவதற்காக முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்த ஒருவன், "சூடு இருக்குய்யா, உசுரு இருக்கு!" என்று கத்த, உடனே ஜீப் பிடித்து, மடியில் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலைல பத்து மணிக்கே போயிருக்கார். ஐஸ் மாதிரி இருக்கார், எந்தச் சூட்டைச் சொல்றீங்க?" என்று கேட்டார். கத்தியவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. சூடு ஆளில் இல்லை, விரிப்பில் இருந்தது. கட்டிலில் விரித்திருந்த பிளானல் துணியின் நடுவில், தலையிலிருந்து கால் வரை ஒரு ஆள் அளவுக்கு, இப்போதுதான் இறக்கிவைத்த சோற்றுப் பானையின் பக்கவாட்டில் கை வைத்ததுபோல் இதமாக, சுடாமல், ஆறாமல் அப்படியே இருந்தது. வீடு கூட்ட வந்த பெண்கள் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஒரு கையை வைத்தாள், இன்னொரு கையையும் வைத்தாள், பிறகு குனிந்து கன்னத்தை வைத்தாள். "அண்ணன் இங்கேதான் இருக்கார்" என்றாள். யாரும் அலறவில்லை. சாவு வீட்டில் அதற்கு நேரமில்லை. பந்தல் போட வேண்டும், சொல்லி அனுப்ப வேண்டும், டீக்குப் பால் வாங்க வேண்டும்.

துளசிமணியும் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை, துணி என்பதுகூட ஒரு செய்தியாகத்தான் தெரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் பாத்ரூம் கழுவிய கை, மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். ஜெசிந்தா கண்ணெல்லாம் நீராக நிமிர்ந்து, "தெரியுதாக்கா?" என்று கேட்டபோது, "ம்" என்றாள். ஒரு எழுத்துதான். அந்த ஒரு எழுத்தை அவள் எட்டு மாதம் சுமந்தாள்.

அவள் அழவும் இல்லை. காரமடையிலிருந்து வந்து இறங்கிய நாத்தனார் மயிலாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், தம்பி பெண்டாட்டியின் தாவாயைப் பிடித்து ஆட்டி, "அழுது போடு அம்மிணி, நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தா கல்லாப் போயிருமாக்கும்" என்று கெஞ்சினாள். பெண்கள் முறைவைத்து வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். துளசிமணி எல்லோர் முதுகையும் தட்டிக்கொடுத்தாள், வந்தவர்களுக்கு டீ போயிற்றா என்று பார்த்தாள். அழக்கூடாது என்று அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தேடிப் பார்த்தாள், உள்ளே அழுகை இருந்த இடம் வெறுமனே கிடந்தது.

இந்தப் பிளானலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குப் பிளானல் என்றால் சட்டைத்துணி. முன்பெல்லாம் மலையில் படுக்கை என்றாலே அதுதான். மார்கழிக்கு முன்னால் மேல் பஜாரில் கெஜக்கணக்கில் கிழித்துக் கொடுப்பார்கள். வெள்ளையில் நீலக்கோடு, இல்லையென்றால் சிவப்புக்கோடு, மூன்றாவது நிறம் யாரும் பார்த்ததில்லை. பஞ்சு எழுப்பிவிட்ட துணி, கன்றுக்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருக்கும். கல்யாணத்துக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் அரை கெஜம். ரொம்பவும் உருக வேண்டியதில்லை, அதில் மூத்திர வாடை போகாது, மழைக்காலத்தில் துவைத்துப் போட்டால் நாலு நாளைக்குக் காயாது, மூட்டைப்பூச்சிக்கும் அதுதான் பிடித்த மெத்தை. ஆனால் படுத்தவனின் சூட்டை அது வாங்கி வைத்துக்கொள்ளும். எழுந்துபோய் அரைமணி கழித்து வந்தாலும் திருப்பிக் கொடுக்கும்.

படுத்துப் படுத்து நடுவில் நைந்து போனால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். தையல்காரரிடம் கொடுத்து நடு மாற்றுவார்கள். தலையிலிருந்து கால்வரை நட்டநடுவே ஒரே வெட்டு. நைந்த நடு இரண்டும் ஓரத்துக்குப் போகும், கெட்டியாக இருக்கும் ஓரங்கள் இரண்டும் நடுவுக்கு வந்து ஒட்டித் தைக்கப்படும். முதுகில் ஒரு தையல் உறுத்தும், அவ்வளவுதான், இன்னும் ஆறு வருஷம் ஓடும். நீலிமட்டத்தில் நடு மாற்றாத பிளானல் இருக்கிற வீடு பணக்கார வீடு என்று அர்த்தம்.

இப்போது எல்லா வீட்டிலும் வடநாட்டுக்காரர்கள் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து விற்கிற மினுமினுப்புப் போர்வைதான். ஒன்றில் புலி, ஒன்றில் ரோஜாப்பூ, இருட்டில் இழுத்தால் பொறி பறக்கும். லாட்ஜில் வெள்ளை வெளேரென்று உறைபோட்ட மெத்தைப் போர்வை, துளசிமணி தினமும் பதினான்கு தடவை உதறிப் போடுவது. அதற்குள் எத்தனை பேர் படுத்தார்கள், புதுமாப்பிள்ளையா கிழவனா, சண்டை போட்டார்களா சிரித்தார்களா, ஒன்றும் அதற்கு ஞாபகம் இராது. ஆள் எழுந்த மறுநிமிஷம் ஆறிப்போகும். ஆறுச்சாமிக்கு அதெல்லாம் பிடிக்காது. அடுப்புப் பக்கத்திலேயே வேலை பார்த்தவன், வெளியே வந்தால் பல் தந்தியடிக்கும். அவனுக்குப் பிளானல்தான் வேண்டும். அவன் ராத்திரி ஷிஃப்ட், அவள் பகல் வேலை. அவள் சூடாக்கி வைத்ததில் அவன் படுத்தான். அவன் சூடாக்கி வைத்தது அவள் படுக்க வருவதற்குள் சாயங்காலக் குளிரில் ஆறிவிடும். பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு கட்டிலை இரண்டு பேர் ஆள் மாற்றி ஆள் காத்தார்கள்.

அதனால் இப்போது, செத்த பிறகாவது அவன் சூடு அவளுக்கென்று தங்கியிருக்கிறது என்று ஊரே நினைத்தது. அதை நினைத்து ஊரே அழுதது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதியன்று செத்தவர் படுத்த படுக்கையைச் சுருட்டி ஓடையில் போட்டுவிட வேண்டும், அது வழக்கம். மயிலாத்தாள் வழக்கத்தை விடுகிற ஆள் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தலையணையை எடுத்தாள், போர்வையை எடுத்தாள், பிளானலின் நுனியைப் பிடித்து ஒரு சுருட்டுச் சுருட்டினாள். கை நெஞ்சுப்பக்கம் வந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் தம்பியை இடுப்பில் வைத்துச் சுமந்தவள். அந்த இடுப்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையைக் கிழித்தாள். "இதைய ஓடைல உட்டாப் போதும். சாமி ஒண்ணும் கெஜக்கோல் வெச்சு அளக்காது" என்றாள். ஐயர் வாயைத் திறப்பதற்குள் நடந்துபோய் விட்டுவிட்டு வந்தாள்.

ஊர் இந்த அதிசயத்தை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான் தொடங்கியது, கார்த்திகையில், மாவு பொங்காமல். ஜெசிந்தா பாக்கெட்டில் இட்லி மாவு போட்டு விற்பவள். மலைக்குளிரில் மாவு பொங்குவது லேசுப்பட்ட காரியமா? அடுப்போரம் வைத்து, சாக்குச் சுற்றி, போர்வை போர்த்தி, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாலும் விடிந்தால் கல்லுமாதிரி கிடக்கும். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, அண்ணன் மேல ஒரு குண்டானை வெச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். துளசிமணி, "வை" என்றாள். அவளுக்கு மறுப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஜெசிந்தா குண்டானை வயிற்றுப்பக்கம் வைத்து, "அண்ணே, மன்னிச்சுக்கோங்க, நாலு மணி நேரம்தான்" என்று விரிப்பிடம் சொன்னாள். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆற்றோடு போகிற தண்ணி, அய்யா குடி அம்மா குடி என்றாகிவிட்டது. கடைசி வீட்டுக்காரி அடைக்கு வைத்த முட்டைகளைக் கொண்டுவந்தாள், பன்னிரண்டில் பதினொன்று பொரித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஈர சாக்ஸ் கால்பக்கம் வரிசையாகக் காய்ந்தது. இடுப்பு பிடித்தவர்கள், முதுகு பிடித்தவர்கள், கொழுந்துக்கூடை சுமந்து தோள் இறங்கியவர்கள் எல்லோரும் வந்து பத்துப் பத்து நிமிஷம் படுத்துப் போனார்கள். இதில் ஒரு சிக்கல் வந்தது. அடுத்தவள் புருஷன் படுத்த இடத்தில் இன்னொருத்தி எப்படிப் படுப்பது? இரண்டு நாள் லைன் முழுக்க இதே பேச்சு. கடைசியில் நடுவில் ஒரு துண்டை விரித்துப் படுத்தால் தப்பில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது, அதற்குப் பெயரே முறைத்துண்டு.

எங்கே சூடு அதிகம், எங்கே குறைவு என்று துளசிமணியைத் தவிர எல்லோருக்கும் அத்துப்படி. நெஞ்சில்தான் அதிகம். வலது தோளில் அதற்கடுத்து, விறகு தள்ளிய தோள். இடது முழங்காலில் மட்டும் கொஞ்சம் மந்தம்; ஒரு தடவை விறகுக்கட்டை விழுந்து அடிபட்ட கால். "பாவம், செத்தும் அந்தக் கால் சரியாகலை" என்று இரக்கப்பட்டார்கள். கட்டிலுக்கு அடியில் திருட்டு கரண்ட் ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு மீட்டர் பார்க்கிறவர் வந்து குனிந்து, படுத்து, டார்ச் அடித்துத் தேடினார். ஒன்றும் இல்லை. விரிப்பில் கை வைத்தவர் அதை எடுக்காமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தை மாதத்தில் நாலாம் வீட்டில் எட்டாம் மாதத்திலேயே பிறந்த ஒரு சிசு, ஒரு கையளவு, நீலம் பாரித்து இருந்தது; ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒன்பது நாள் அதை ஆறுச்சாமியின் நெஞ்சில் போட்டு வைத்தார்கள். பத்தாம் நாள் அது பசிக்கு வீறிட்டு அழுதது லைன் முழுக்கக் கேட்டது. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்" என்று அந்தக் குழந்தையின் அப்பன் சொல்லிவிட்டு, துளசிமணியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபிக்கவில்லை.

கோபம் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். மார்கழிப் பனியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்க, ஸ்வெட்டர் போட மறந்து சேலையோடு நடந்து போனாள். பார்த்தவர்கள், "அவர் சூடு அவளோடவே போகுது பாரு" என்று பெருமூச்சு விட்டார்கள். லாட்ஜில் ஒருநாள் கெய்சர் குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டே நின்றவள், தோல் சிவந்து கொப்புளித்ததைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தாள். கம்பவுண்டர் மருந்து தடவிக்கொண்டே, "எரியுதாம்மா?" என்றார். "எரியும்னு நினைக்கிறேன்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மருந்தை எடுத்தார்.

எத்தனையோ தடவை அவள் படுத்துப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு, முறைத்துண்டு இல்லாமல், அவளுக்கு அது தேவையில்லையே, அவன் முதுகு இருந்த இடத்தில் முதுகை வைத்து, தோள் இருந்த இடத்தில் தோளை வைத்து, கைகள் இருந்த இடத்தில் கைகளை வைத்துப் படுத்தாள். குப்புறப் படுத்து முகத்தை வைத்தாள். வெறும் துணி. ஜெசிந்தாவின் மாவைப் பொங்க வைக்கிறான், யாரோ பெற்ற பிள்ளையைப் பிழைக்க வைக்கிறான், மீட்டர்காரனுக்குக்கூட இருக்கிறான். தாலி கட்டினவளுக்கு மட்டும் இல்லை. ஏதோ தப்பு தன்மேல்தான் என்று நினைத்தாள். உயிரோடு இருந்தபோது அவனை அவ்வளவு நேசிக்கவில்லையோ என்றுகூட ஒருநாள் யோசித்தாள். அதுவும் வலிக்கவில்லை, கணக்கு வாத்தியார் கேட்ட கேள்விபோல் இருந்தது.

வெளியே சொல்லவும் வழியில்லை. "உனக்கென்னக்கா, போயும் உன்னை விட்டுப் போகலை, ஆம்பளைன்னா அவரு ஆம்பளை" என்று கண்கலங்கிச் சொல்கிறவர்களிடம், எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஊர் என்ன பேசும்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? "ஆமா, நல்ல சூடு" என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒருநாள் உண்மையாகிவிடும் என்று ஒரு மூலையில் நம்பிக்கையும் இருந்தது, அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்குள் உயிரோடு இருந்தது. என்றைக்காவது ஒருநாள் கை வைப்பாள், தெரியும். அதற்காகத்தான் அந்த வீட்டில் இருந்தாள், மயிலாத்தாள் கூப்பிட்டும் காரமடைக்குப் போகாமல்.

பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் போயிற்று. ஆனி பிறந்து சாரல் பிடித்துக்கொண்டபோது விரிப்பின் நடு நைந்திருந்தது. குண்டானும் முட்டையும் சாக்ஸும் முதுகுகளுமாக எட்டு மாதம் தேய்த்தால் எந்தத் துணி தாங்கும்? இடுப்புப்பக்கம் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து ஜன்னல் தெரிந்தது. இதை முதலில் பார்த்தது ஜெசிந்தாதான். அவளுக்குத் திக்கென்றது. அதிகம் தேய்த்தது தன் குண்டான்தான் என்று அவளுக்கே தெரியும். கிழிந்துபோனால் அண்ணன் என்ன ஆவார்? அக்கா என்ன ஆவாள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், துளசிமணி லாட்ஜுக்குப் போன பிறகு, அவள் வீட்டுச் சாவிதான் எப்போதும் இவளிடம் இருக்குமே, உள்ளே போய் விரிப்பை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் குடை பிடித்து, கீழ் பஜாருக்கு ஜமால் பாயின் தையல்கடைக்குக் கொண்டுபோனாள். அக்கா திரும்புவதற்குள் சரிசெய்து விரித்துவிட வேண்டும், பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள்.

பாய் மேஜையில் விரித்துப் பார்த்தார். அவருக்கும் விஷயம் தெரியும், தெரியாதவர் நீலிமட்டத்தில் யார்? இரண்டு கையையும் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"நடு மாத்திரலாம். ஓரம் ரெண்டும் கெட்டியா இருக்கு" என்றார். பிறகு, "நடுவுல ஆள் இருக்காரேம்மா?" என்றார்.

"ஆள் எங்க பாய் போகப் போறார்? ஓரத்துக்குத்தானே போவார். பிளானலுக்கு எல்லாரும் பண்றதுதானே?"

பாய்க்கும் அது சரியாகத்தான் பட்டது. நாற்பது வருஷமாக எத்தனை பிளானலுக்கு நடு மாற்றியிருப்பார். நைந்தால் நடு மாற்ற வேண்டும். வேறு ஒன்று செய்யலாம் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது. இரண்டாக மடித்து, நகத்தால் கோடு இழுத்து, பிஸ்மில்லா சொல்லி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டிக்கொண்டு போகும்போது கத்தரிக்கோல் கையில் சுட்டது என்று பிற்பாடு சொன்னார். ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து இரட்டைத் தையல் போட்டார், காசு வாங்கவில்லை. ஜெசிந்தா அதைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினாள். அவசரத்தில் அவள் கை வைத்துப் பார்க்கவில்லை. தையல்கடை மேஜை மட்டும் அன்றைக்கு முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று மணிக்குத் துளசிமணி வந்தாள். வெளியே மஞ்சு இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"போய்ப் பாருக்கா."

துளசிமணி பையை வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். தினமும் வந்ததும் செய்கிற காரியம், பலன் இருக்கிறதோ இல்லையோ, நெஞ்சுப்பக்கம் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பது. வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே மேடாக, முரடாக, ஒரு தையல் ஓடியது. விரலால் அதைத் தொடர்ந்தாள். தலையிலிருந்து கால்வரை நேராகப் போயிற்று. இரண்டு பக்கத்துத் துணியும் கெட்டியாக, புதுசுபோல், யாருமே படுக்காத ஓரங்கள்.

"நடு நைஞ்சு போச்சுக்கா, அதான் பாய்கிட்டக் கொடுத்து மாத்திட்டேன். இனி ஆறு வருஷத்துக்குப் பயமில்லை."

"இவரு எங்கடி?"

"இந்தா, இங்கதான், ரெண்டு ஓரத்துலயும்..." என்று ஜெசிந்தா குனிந்து, செருகியிருந்த ஓரத்தை வெளியே இழுத்து, கை வைத்தாள். கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்தப் பக்கம் ஓடிப்போய் அந்த ஓரத்தையும் இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

துளசிமணியின் கை இன்னும் தையலின்மேல் இருந்தது. மரத்துப்போன காலை நீட்டினால் முதலில் எறும்பு ஊருமே, அப்படி விரல்நுனியில் என்னவோ ஊர்ந்தது. பிறகு உள்ளங்கை. அது என்னவென்று அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, எட்டு மாதமாகப் பழக்கம் விட்டுப்போன ஒன்று. ஜில்லென்று இருந்தது. துணி ஜில்லென்று இருந்தது, சாரல் பிடித்த வீட்டில் ஆள் படுக்காத கட்டில் எப்படி இருக்குமோ அப்படி. அது கை வழியாக ஏறி, தோளுக்கு வந்து, முதுகில் இறங்கி, அவளை உலுக்கியது.

"ஏன்டி" என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "ஏன்டி, அவரை ரெண்டா அறுத்துட்டீங்களேடி! ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? முழுசா இருந்தாரேடி, முழுசா வெச்சிருந்தேனேடி!"

அப்புறம் வார்த்தை இல்லை. அந்தச் சத்தத்துக்கு லைன் முழுக்கக் கதவு திறந்தது. ஆறுச்சாமி செத்த அன்றைக்கு வந்திருக்க வேண்டிய அழுகை, கருமாதிக்கு வந்திருக்க வேண்டியது, அதற்குப் பின்னால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு சாயங்காலமும் வந்திருக்க வேண்டியது எல்லாம் ஒன்றாக வந்து, நிற்க விடாமல், அவளைத் தரையில் உட்கார்த்தி அழ வைத்தது. பெண்கள் ஈரக்காலோடு ஓடிவந்து சுற்றி உட்கார்ந்தார்கள். விஷயம் புரிந்ததும் அவர்களும் விரிப்பைத் தொட்டுப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் வீட்டுக்காரி தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

ஜெசிந்தா வந்து துளசிமணியின் இரண்டு கையையும் பிடித்தாள். "அடிச்சிரு அக்கா, என்னை அடிச்சுக் கொன்னுரு" என்றாள்.

துளசிமணி அந்தக் கைகளைப் பார்த்தாள். "என்னடி உன் கை இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கு?" என்றாள்.

"மாவு கழுவுன கைக்கா." சொல்லிவிட்டு ஜெசிந்தா சட்டென்று நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ... இத்தனை நாளும்?"

துளசிமணி தலையை ஆட்டினாள். "ஒரு நாளும் தெரியலைடி. ஒரே ஒரு நாள்கூட. பொய்தான் சொன்னேன் எல்லார்கிட்டயும். உங்க எல்லாருக்கும் இருந்தாரு. எனக்கு இல்லை."

கூரைத் தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் அந்த வீட்டுக்குள் வந்து மாவு வைத்ததும், படுத்ததும், சாக்ஸ் காயப்போட்டதும், ஒவ்வொருத்திக்கும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க இப்போது யாரிடமும் ஒன்றும் இல்லை.

துளசிமணி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குளிரில் பல் கிட்டியது. சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு? சொல்லுங்க" என்றாள். "அவரு சூடு எப்படி இருந்துச்சு?"

"சூடுன்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள் ஜெசிந்தா. "கை வெச்சா எடுக்கத் தோணாது. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது."

"எனக்கு முதுகுலதான்" என்றாள் கடைசி வீட்டுக்காரி. "கூடையை இறக்கி வெச்ச மாதிரி இருக்கும். யாரோ பின்னால நின்னு வாங்கிக்கிட்ட மாதிரி."

நாலாம் வீட்டுக்காரி குழந்தையைத் துளசிமணியின் மடியில் வைத்தாள். "இவன் முதல் நாள் ராவெல்லாம் நடுங்கிட்டே இருந்தான்க்கா. அண்ணன் மேல போட்டதும் ஒரு பெருமூச்சு விட்டான் பாரு, பெரிய மனுஷன் மாதிரி. விட்டுட்டுத் தூங்கிட்டான்."

துளசிமணி அழுதுகொண்டே குழந்தையின் முதுகில் கை வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள்.